டைலத் திருப்பிப் பாருங்க

மூணு வருஷம் முன்னாடி ஒரு நவம்பர் காலைல, லண்டன் ஈஸ்ட் ஹாம்ல எங்க தெருவுலயே ஆறு வீடு தள்ளி ஒரு பழைய வீட்ட உள்ள மொத்தமா உடைச்சுக்கிட்டு இருந்தாங்க. வாசல்ல பெரிய ஸ்கிப் நின்னுச்சு, ஸ்கிப்னா கட்டட இடிபாடு அள்ளிப் போடுற இரும்புத் தொட்டி. பையன ஸ்கூல்ல விட்டுட்டுத் திரும்பி வந்துட்டு இருக்கேன், காரைக்கட்டி, பழைய கார்ப்பெட், உடைஞ்ச கதவு இதுக்கு நடுவுல ஏதோ பச்சையா மின்னுது. மழை பெஞ்சு விட்டிருந்துச்சா, அந்த ஈரத்துல பச்சை நிறம் கோயில் குளத்துத் தண்ணி மாதிரி ஆழமா தெரிஞ்சுது. கிட்டப் போய்ப் பாத்தா டைல்ஸ். ஒவ்வொண்ணுலயும் ஒரு பூவும் ரெண்டு இலையும் புடைப்பா எழும்பி நிக்குது, பூவுக்குத் தேன் கலர், சுத்தி எல்லாம் பச்சை.

உள்ள வேலை பாத்துட்டு இருந்தவர்கிட்ட எடுத்துக்கலாமான்னு கேட்டேன். ஃபயர்ப்ளேஸ்ல இருந்து பேத்தது, பத்து இருந்துச்சு, மூணு உடைஞ்சு போச்சு, மிச்சத்த எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லிட்டாரு. (கேக்காம ஸ்கிப்ல இருந்து எதையும் எடுக்காதீங்க, அது வீட்டுக்காரங்க சொத்து.) ஏழு டைலு, ஒவ்வொண்ணும் ஆறு இன்ச்சுக்கு ஆறு இன்ச், அரை இன்ச் கனம், பின்னாடி சுண்ணாம்புக் காரை வேற அப்பிக் கிடக்கு, ரெண்டு பையில போட்டுத் தூக்கிட்டு வரதுக்குள்ள கை அந்து போச்சு.

அன்னைக்கு சாயங்காலம் மதுரைல அம்மாவுக்கு வீடியோ கால்ல காட்டுனேன். "ஏன்டி, ஊரு விட்டு ஊரு போயி ஓட்டாஞ்சில்லு பொறுக்கிட்டு இருக்கியா"ன்னு கேட்டாங்க. அப்புறம் கொஞ்ச நேரம் பாத்துட்டு, "அந்தப் பச்சை நல்லாத்தான்டி இருக்கு"ன்னாங்க.

ராத்திரி ஒரு வாளித் தண்ணில ஊறப்போட்டேன். ரெண்டு நாள் ஊறுனதும் காரை புட்டு மாதிரி உதிர ஆரம்பிச்சுது, ஐஸ்கிரீம் குச்சி வச்சு மெதுவா சுரண்டுனேன், அப்பத்தான் பின்பக்கம் எழுத்து தெரிஞ்சுது. மின்டன் ஹாலின்ஸ் அண்ட் கோ, பேட்டன்ட் டைல் ஒர்க்ஸ், ஸ்டோக் ஆன் ட்ரென்ட். அதுக்குக் கீழ ஆர் டி நம்பர்னு ஒரு ஆறு இலக்க எண். அந்த நிமிஷத்துல இருந்துதான் இந்தக் கிறுக்கு பிடிச்சுது எனக்கு. முன்பக்கம் அழகுதான், யாருக்கும் கண்ணுல படும், ஆனா இத யாரு எப்ப எப்படி செஞ்சாங்கங்குறது பின்பக்கத்துலதான் இருக்கு. இன்னைக்கும் எந்தச் சந்தைக்குப் போனாலும் டைலக் கைல எடுத்ததும் நான் பண்ணுற முதல் வேலை அதத் திருப்புறதுதான்.

அந்த எண்ணைப் பத்தி முதல்ல சொல்லிடுறேன், ஏன்னா புதுசா ஆரம்பிக்குறவங்களுக்கு இதவிட உபயோகமான விஷயம் இல்ல. பிரிட்டன்ல டிசைன யாரும் காப்பி அடிக்கக் கூடாதுன்னு அரசாங்கத்துல பதிவு பண்ணுற முறை இருந்துச்சு. 1842ல இருந்து 1883 வரைக்கும் பதிவு பண்ண பொருள்ல பட்டம் மாதிரி ஒரு வைர வடிவ முத்திரை இருக்கும், உச்சில ரோமன் எழுத்துல நாலுன்னு போட்டிருந்தா அது மண்பாண்டம் பீங்கான் வகைன்னு அர்த்தம், மூலைல இருக்குற எழுத்து வருஷம் மாசம் தேதி எல்லாத்தையும் சொல்லிடும். 1884 ஜனவரில இருந்து அத விட்டுட்டு ஒண்ணு ரெண்டுன்னு வரிசையா எண் குடுக்க ஆரம்பிச்சாங்க. 1890 தொடங்கும்போது எண் 1,41,000 சொச்சத்துல நிக்குது, 1900 தொடங்கும்போது 3,51,000 சொச்சம். என் பச்சை டைல்ல இருக்குறது 2,30,000த்துக்குக் கொஞ்சம் மேல, அப்ப 1894. ஆனா ஒண்ணு, அது டிசைன் பதிவான வருஷம், டைலு சூளைல வெந்த வருஷம் இல்ல, நல்லா ஓடுற டிசைன அஞ்சு பத்து வருஷம் கூட போட்டுக்கிட்டே இருப்பாங்க. பதிவேடெல்லாம் இன்னைக்கும் லண்டன்ல க்யூங்குற இடத்துல இருக்குற நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல பத்திரமா இருக்கு.

இன்னொரு சின்னத் துப்பு, பின்னாடி இங்கிலாந்துன்னு நாட்டுப் பேரு இருந்தா பெரும்பாலும் 1891க்கு அப்புறம்னு வச்சுக்கலாம். அமெரிக்காக்காரன் அந்த வருஷத்துல இருந்து இறக்குமதிச் சரக்குல எல்லாம் எந்த நாட்டுல செஞ்சதுன்னு போடணும்னு சட்டம் கொண்டுவந்துட்டான், அதனால போட ஆரம்பிச்சாங்க.

சரி, இந்த மின்டன் ஹாலின்ஸ் யாருன்னு தேடப்போயி ஒரு பெரிய குடும்பக் கதைக்குள்ள விழுந்தேன். ஹெர்பர்ட் மின்டன்னு ஒருத்தர், ஸ்டோக்ல (இங்கிலாந்துல பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஊரு) அப்பா ஆரம்பிச்ச பீங்கான் தொழில்ல இருந்தவர். சாமுவேல் ரைட்னு ஒருத்தர் 1830ல வாங்குன பேட்டன்ட்ல பங்கு வாங்கி, இடைக்காலத்துச் சர்ச்சுங்கள்ல இருந்த என்காஸ்டிக் டைல திரும்ப செஞ்சு பாத்தாரு, வருஷக்கணக்கா நஷ்டம், விடல. என்காஸ்டிக்னா மேல வரையுற படம் இல்ல. ஈரக் களிமண்ணுல அச்சு வச்சு அழுத்திக் குழி பண்ணி, அந்தக் குழில வேற நிறக் களிமண்ணக் கரைச்சு ஊத்தி, காஞ்சதும் மேல சமமா சுரண்டி எடுத்து சூளைல வைக்குறது. டிசைனே மண்ணுக்குள்ள கனமா இறங்கியிருக்கும், நூறு வருஷம் செருப்புக் கால் பட்டாலும் அழியாது. லண்டன் பார்லிமென்ட் தரைல நிறைய இடத்துல இப்படிச் செஞ்ச மின்டன் டைல்ஸ்தான், டிசைன் பண்ணவரு ப்யூஜின்னு ஒரு கட்டடக் கலைஞர். வாஷிங்டன்ல அமெரிக்கக் கேப்பிடல் கட்டடத்துத் தரைக்கும் 1850கள்ல ஸ்டோக்ல இருந்து மின்டன் டைல் கப்பல் ஏறிப் போச்சு.

ஆனா சாதாரண வீட்டுக்கு டைல் வந்து சேந்ததுக்குக் காரணம் அது இல்ல. 1840ல ரிச்சர்ட் ப்ராஸர்னு ஒருத்தர் பட்டன் செய்யுறதுக்காக ஒரு பேட்டன்ட் எடுத்தாரு. களிமண்ண நல்லா காய வச்சுப் பொடி பண்ணி, லேசா ஈரம் காட்டி, இரும்பு அச்சுல கொட்டி ஸ்க்ரூ ப்ரெஸ்ல ஒரே அழுத்து. நம்ம ஊருல புட்டுக்கு மாவு பெசிறுற பதம் தெரியும்ல, கைல பிடிச்சா பிடி நிக்கணும், உதுத்தா உதிரணும், கிட்டத்தட்ட அதே பதம். இதுல ஈரம் ரொம்பக் கம்மி, அதனால சீக்கிரம் காயும், அவ்வளவா சுருங்காது, வளையாது. பட்டனுக்கு வந்த யோசனைய டைலுக்குத் திருப்பலாம்னு பிடிச்சவரு ஹெர்பர்ட் மின்டன். இது வந்ததுக்கு அப்புறம்தான் ஒரே அளவுல ஆயிரக்கணக்குல டைல் அடிக்க முடிஞ்சுது.

மின்டன் 1858ல போயிட்டாரு. அப்புறம் பங்காளிங்க ரெண்டு பேரு, மைக்கேல் டெய்ன்ட்ரி ஹாலின்ஸ் ஒருத்தர், காலின் மின்டன் காம்ப்பெல் ஒருத்தர், 1868ல பிரிஞ்சுட்டாங்க. டைல் வேலை ஹாலின்ஸ் கைக்குப் போச்சு, ஆனா இந்தப் பக்கம் காம்ப்பெல்கிட்ட இருந்த மின்டன்ஸ் சைனா ஒர்க்ஸும் (பீங்கான் தொழிற்சாலை) டைல் செய்யுறத விடல. பேரு யாருக்குச் சொந்தம்னு கோர்ட்டு வரைக்கும் போயிருக்கு. காம்ப்பெல் வேற 1875ல தன் பேருல தனி டைல் கம்பெனி ஆரம்பிச்சுட்டாரு. அதனால பின்னாடி வெறும் மின்டன்னு பாத்ததும் அவசரப்படாம முழுப் பேரையும் படிக்கணும், ரெண்டும் வேற வேற தொழிற்சாலை.

நம்ம ஊருல பாத்ரூம் டைல்னாலே ஜான்சன்னு ஒரு பேரு இருக்குல்ல? அந்த எச் அண்ட் ஆர் ஜான்சன் 1901ல ஸ்டோக்ல ஆரம்பிச்ச கம்பெனி, 1958ல இந்தியாவுக்கு வந்துச்சு. 1962ல மின்டன் ஹாலின்ஸ காம்ப்பெல் கம்பெனி வாங்கிடுச்சு (பிரிஞ்ச வீடு தொண்ணூறு வருஷத்துக்கு மேல ஆகி ஒண்ணு சேந்துச்சு), அது ரிச்சர்ட்ஸ்னு இன்னொரு கம்பெனியோட கலந்து, 1968ல எல்லாம் ஜான்சனோட போய்ச் சேந்துருச்சு. மதுரைல எங்க வீட்டு அடுப்படிச் சுவத்துல எங்கப்பா 1991ல ஒட்டுனது ஜான்சன் டைல்தான். நான் ஸ்கிப்ல பொறுக்குனதும் அதுவும் சுத்தி வளைச்சு ஒரே வம்சம்னு தெரிஞ்ச அன்னைக்கு எனக்கு அவ்வளவு சந்தோஷம், அப்பாவுக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்கு மெசேஜ் போட்டேன்.

இப்ப அந்தப் பச்சைக்கு வரேன். இந்த மாதிரி புடைப்பு டைல்ல ஒரே ஒரு பச்சை கிளேஸ்தான் ஊத்தியிருப்பாங்க, கிளேஸ்னா சூளைல உருகிக் கண்ணாடி மாதிரி மேல ஒட்டுற பூச்சு. ஆனா பாத்தா பத்துப் பச்சை தெரியும். இலையோட முதுகு மேடு, அங்க கிளேஸ் வழிஞ்சு மெலிசா நிக்கும், அதனால வெளிறித் தெரியும், ஓரத்துப் பள்ளத்துல போயி தேங்கும், அங்க கரும்பச்சை. யாரும் பிரஷ்ஷால நிழல் போடல, மேடும் பள்ளமும்தான் போடுது. 1849 வாக்குல மின்டன்ல இருந்த லியோன் ஆர்னூங்குற பிரெஞ்சுக்காரர் மஜோலிக்கான்னு சொல்ற இந்தக் கலர் கிளேஸ்களக் கொண்டுவந்தாரு, லண்டன்ல 1851ல நடந்த பெரிய கண்காட்சில எல்லாரும் பாத்து அசந்து போனாங்க. பச்சைக்குத் தாமிரம், தேன் கலருக்கு இரும்பு, ஊதாக் கலந்த பழுப்புக்கு மாங்கனீஸ், நீலத்துக்கு கோபால்ட்.

அந்த ஆழத்துக்கும் மினுமினுப்புக்கும் காரணம் ஈயம். கண்ணாடி மாதிரி தெளிவா, வழுவழுன்னு ஓடுற கிளேஸ் வேணும்னா அன்னைக்கு ஈயம்தான். டைல அந்தக் குழம்புல முக்கி எடுத்தவங்க, புடைப்புப் பூ மேல கலர் கிளேஸ பிரஷ்ஷால தடவுனவங்க, இதுல நிறையப் பேரு பொண்ணுங்க, சின்ன வயசுப் பொண்ணுங்க. தூசி மூச்சுல போகும், கைல ஒட்டி சோத்தோட வயித்துக்குள்ள போகும். வயித்து வலி, வலிப்பு, மணிக்கட்டு தொங்கிப் போயி கைய நிமித்த முடியாம ஆகுறது, கண்ணு போறது, கரு கலையுறது. ஸ்டோக் பக்கத்துல இது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயமா இருந்திருக்கு. 1899ல தோர்ப், ஆலிவர்னு ரெண்டு பேராசிரியருங்க அரசாங்கத்துக்கு அறிக்கை குடுத்தாங்க, பெரும்பாலான பொருளுக்கு ஈயமே தேவையில்ல, தேவைப்படுற இடத்துலயும் கரையாத மாதிரி உருக்கிச் சேத்தா ஆபத்து குறையும்னு. சதர்லண்ட் சீமாட்டி மில்லிசென்ட் இதுக்காக வருஷக்கணக்கா பேசிக்கிட்டே இருந்தாங்க. முதலாளிங்க சீக்கிரத்துல ஒத்துக்கல.

இத ஏன் இங்க சொல்றேன்னா, என் ஏழு டைல்ல ஒண்ணுல, பக்கவாட்டு ஓரத்துல, ரெண்டு சின்ன வழுக்கை இருக்கு, கிளேஸ் படாத ரெண்டு புள்ளி, அதுக்கு நேர் எதிர் ஓரத்துல இன்னொண்ணு. முக்குறப்ப விரல் பிடிச்ச இடம். என் விரல அதுல வச்சுப் பாத்தேன், எனக்கே கொஞ்சம் இறுக்கமா இருக்கு, அப்ப அந்தக் கை என் கைய விடச் சின்னக் கை. அன்னைக்கு அத மேஜைல வச்சுட்டு ரொம்ப நேரம் வேற வேலையே ஓடல. அழகான பொருள்னு வாங்கி மாட்டுறோம், ஆனா அந்தப் பொண்ணுக்கு என்ன ஆச்சோ. அதனால டைல் பத்தி யாரு கேட்டாலும் முன்பக்கத்தக் காட்டி நிறுத்திடாம இந்த ஓரத்தையும் காட்டிடுவேன். (நடைமுறைக்கும் ஒண்ணு: பழைய டைலுல சோறு தட்டு வைக்குறது, அறுக்குறது, தேய்க்குறதுன்னு எதுவும் பண்ணாதீங்க, உடைஞ்சத அரைச்சு மொசைக் போடுறேன்னு தூசி கிளப்பாதீங்க.)

ரெண்டாவது வருஷம் நான் ஒரு டைல நாசம் பண்ணேன், அதையும் எழுதணும். கெம்ப்டன் பார்க் குதிரைப் பந்தய மைதானத்துல மாசத்துக்கு ரெண்டு செவ்வாக்கிழமை விடிகாலைல பழைய சாமான் சந்தை நடக்கும், அங்க பன்னெண்டு பவுண்டுக்கு ஒரு படம் அச்சடிச்ச டைல் வாங்குனேன், வெள்ளைல பழுப்புக் கோட்டுப் படம். இந்த வகை எப்படின்னா, செம்புத் தகட்டுல படத்தச் செதுக்கி, மை தடவி, மெல்லிசுத் தாள்ல அச்செடுத்து, அந்தத் தாள டைல்ல ஒட்டித் தேச்சு, தண்ணில தாளக் கழுவி எடுத்துட்டு, மேல கிளேஸ் போட்டுச் சுடுறது. ஜான் மாய்ர் ஸ்மித்னு ஒருத்தர் மின்டன்ஸ் சைனா ஒர்க்ஸுக்கு இப்படித் தொடர் தொடரா வரைஞ்சாரு, ஈசாப் கதை, ஷேக்ஸ்பியர் நாடகக் காட்சி, பைபிள் கதைன்னு, பெரும்பாலும் ஒரு தொடருக்குப் பன்னெண்டு படம். அதுல ஒண்ணுதான் என் கைக்கு வந்துச்சு. கிளேஸ் முழுக்க முடி மாதிரி கீறல், அந்தக் கீறலுக்குள்ள கரி இறங்கி மஞ்சளாக் கிடந்துச்சு. வெள்ளையாக்கணும்னு பாத்ரூம் ப்ளீச்ல ஒரு ராத்திரி ஊறப் போட்டேன். காலைல பளிச்னு இருந்துச்சு, எனக்கு ரொம்பத் திருப்தி. ஒரு மாசத்துல அந்தக் கீறல் வழியா வெள்ளையா உப்பு பூக்க ஆரம்பிச்சுது, அப்புறம் அந்த உப்பு உள்ள இருந்து கிளேஸத் தள்ளி, பக்குப் பக்கா உரிஞ்சு விழுந்துச்சு. கிளேஸுக்கு அடில இருக்குற மண்ணு ஸ்பாஞ்சு மாதிரி எல்லாத்தையும் குடிக்கும்னு எனக்குத் தெரியல. நூத்து நாப்பது வருஷம் பொழைச்சு வந்தது என் கைல ஒரே மாசத்துல போயிருச்சு. நல்ல தண்ணில, முடிஞ்சா டிஸ்டில்டு வாட்டர்ல, நாள் கணக்கா ஊறவச்சு தண்ணி மாத்தி மாத்தி எடுக்குறதுதான் வழி. ஆசிட் கிட்டயே போகக் கூடாது. போகாத கறை போகாமலே இருக்கட்டும்.

அதே வருஷம் ஏமாந்ததும் உண்டு. ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட விக்டோரியன்னு சொல்லி நாப்பத்தஞ்சு பவுண்டுக்கு வாங்குனேன், போட்டோல முன்பக்கம் மட்டும்தான் இருந்துச்சு, நானும் கேக்கல. வந்து இறங்குனதுமே கைக்குத் தெரிஞ்சு போச்சு, எடை இல்ல. அரை இன்ச் எங்க, இது கால் இன்ச். ஓரம் பிளேடு மாதிரி நேரா வெள்ளை வெளேர்னு, பின்னாடி மெஷின்ல போட்ட கட்டம் கட்டமான கோடு, ஒரு பொட்டு காரை இல்ல, கரி இல்ல. பழசுல பின்பக்கம் பாத்தீங்கன்னா ஆழமான பள்ளம், சிலதுல உள்பக்கம் அகலமா சரிஞ்ச பூட்டு மாதிரி வெட்டு, காரை அதுல போயி கவ்விப் பிடிக்கணும்னு. ஷெர்வின் அண்ட் காட்டன்னு ஹான்லில இருந்த கம்பெனி இந்தப் பூட்டு வெட்டுக்கே பேட்டன்ட் வச்சிருந்துச்சு. விக்குறவங்ககிட்ட பின்பக்கத்து போட்டோவும் ஓரத்து போட்டோவும் கேளுங்க, தரலன்னா விட்டுடுங்க.

வில்லியம் டி மார்கன் டைல் எல்லாம் என் சம்பளத்துக்கு எட்டாது, அதுக்காக வருத்தமும் இல்ல. 1872ல செல்சீல சூளை போட்டவரு, அதுக்கு முன்னாடி குடியிருந்த வீட்டுல லஸ்டர் (உலோகம் மாதிரி பளபளக்குற பூச்சு) பரிசோதனை பண்றப்ப கூரையே எரிஞ்சு போயிருச்சு. அப்புறம் மெர்ட்டன் அபே, ஃபுல்ஹாம்னு இடம் மாத்தி மாத்தி, 1907 வரைக்கும் தொழில் ஓடுச்சு, ஒருநாளும் பெரிசா லாபம் பாக்கல, கடைசில நாவல் எழுதித்தான் காசு சம்பாதிச்சாரு. அவரு டைல நேர்ல பாக்கணும்னா கென்சிங்டன்ல லெய்ட்டன் ஹவுஸ் போங்க. அரப் ஹால்னு ஒரு அறை, சுவர் முழுக்க பெரும்பாலும் டமாஸ்கஸ்ல இருந்து கொண்டுவந்த பழைய டைல்ஸ், அதப் பொருத்திக் குடுத்தவரும், இல்லாத இடத்துக்கு அதே மாதிரி செஞ்சு நிரப்புனவரும் டி மார்கன்தான். அப்படியே நடந்து வி அண்ட் ஏ மியூசியம் போனா காசில்லாம உள்ள விடுவாங்க, அங்க சாப்பாட்டு அறைல, பாயின்டர் ரூம்னு பேரு, சுவத்துல இருக்குற நீல டைல் எல்லாம் 1860-70கள்ல அங்க ஓவியம் படிச்ச பொண்ணுங்க கையால வரைஞ்சது. டீ குடிச்சுக்கிட்டே பாக்கலாம். நான் தனியா உக்காந்து ரெண்டு டீ குடிச்சேன்.

ஆனா ஒரே ஒரு இடம்தான் போக முடியும்னா ஜாக்ஃபீல்டு. ஷ்ராப்ஷயர்ல செவர்ன் ஆத்தங்கரைல இருக்கு, அயர்ன்ப்ரிட்ஜ் பக்கம். க்ரேவன் டன்னில்ங்குற கம்பெனி 1870கள்ல கட்டுன தொழிற்சாலையே இப்ப மியூசியம், அதே வளாகத்துல இன்னைக்கும் டைல் செய்யுறாங்க. கூப்பிடு தூரத்துல மா அண்ட் கோ, 1883ல அங்க வந்தது, ஒரு காலத்துல உலகத்துலயே பெரிய டைல் தொழிற்சாலை அதுதான். மே மாசம் லீவுல குடும்பத்தோட போனோம். சர்ச், பப், குழந்தைங்க ஆஸ்பத்திரி வார்டு எல்லாத்துலயும் எப்படி ஒட்டியிருந்தாங்கன்னு அறை அறையா அமைச்சு வச்சிருக்காங்க. கறிக்கடை, பால்கடை, ஆஸ்பத்திரி, குளியல் அறைன்னு எல்லா இடத்துலயும் டைல் ஏறுனதுக்குக் காரணம் அழகு மட்டும் இல்ல, நோய் எப்படிப் பரவுதுன்னு அப்பத்தான் புரிய ஆரம்பிச்ச காலம், தொடச்சா சுத்தமாகுற சுவர் எல்லாருக்கும் வேணும்னு இருந்துச்சு. பையன் அந்த ஆஸ்பத்திரி டைல் முன்னாடி நின்னு ரொம்ப நேரம் ஒவ்வொரு படமா பாத்தான், படுத்துக் கிடந்த குழந்தைங்களும் இப்படித்தான் பாத்திருக்கும்.

காரைக்குடி பக்கம் செட்டிநாட்டு வீடுகள்ல இந்த மாதிரி பூ டைல்ஸ் சுவத்துல பாத்தவங்க கேப்பீங்க, அதுவும் இதுதானான்னு. ஐரோப்பால இருந்து வந்ததும் உண்டு, ஆனா நிறைய ஜப்பான் சரக்கு. முதல் உலகப் போர் சமயத்துல ஐரோப்பா ஏற்றுமதி படுத்துருச்சு, ஜப்பான்காரங்க இதே ஆங்கிலேயப் புடைப்பு டைல் மாதிரியே செஞ்சு ஆசியா முழுக்க அனுப்புனாங்க, நமக்காகவே லட்சுமி, சரஸ்வதி, கிருஷ்ணர் படம் போட்ட டைல்கூட வந்துச்சு. திருப்பிப் பாத்தா ஜப்பான்னு இருக்கும். தரைல இருக்குற ஆத்தங்குடி கல் வேற ஜாதி, அது சிமெண்டு, சூளைக்கே போகாது. அதுல எதையும் சுவத்துல இருந்து பேத்து வித்தா வாங்காதீங்க, தயவுசெஞ்சு.

இந்த விஷயத்துல எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சுவத்துல தரைல நல்லா இருக்குறதப் பேத்துக் குடுத்தா எவ்வளவு அழகா இருந்தாலும் வாங்க மாட்டேன். ஃபயர்ப்ளேஸுக்கு ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு டைலு, அதுதான் அதோட கணக்கு, சிலதுல ஒரு பூச்செடியே அஞ்சு டைல்ல கீழ வேருல இருந்து மேல மொட்டு வரைக்கும் போகும். ஒண்ண மட்டும் எடுத்துட்டு வந்து ஷெல்ஃப்ல வச்சா தண்டு மட்டும்தான் மிச்சம். 1956ல புகைக்கு எதிரா சட்டம் வந்து, அப்புறம் சென்ட்ரல் ஹீட்டிங் வந்து, இங்க ஆயிரமாயிரம் வீட்டுல ஃபயர்ப்ளேஸ உடைச்சுத் தள்ளிட்டாங்க, இல்லன்னா பலகை அடிச்சு மூடிட்டாங்க. மூடுனது புண்ணியம், அது உள்ள பத்திரமா இருக்கு.

போன மாசம் எதிர்வீட்டு அண்ணா, யாழ்ப்பாணத்துக்காரர், ஹால் கார்ப்பெட்ட எடுத்துட்டு லேமினேட் போடப் போறேன்னு சொன்னாரு. எங்க வரிசைல எல்லாம் 1890கள்ல கட்டுன வீடு, எங்க வீட்டு ஹால்லயே முன்னாடி இருந்தவங்க டைல உடைச்சு சிமெண்டு போட்டுட்டாங்க, ஓரத்துல நாலு விரக்கடை மட்டும் மிச்சம் இருக்கு. அதனால நான் அவர்கிட்ட, அண்ணா, ஒரு சனிக்கிழமை எனக்குக் குடுங்க, அதுக்கு அப்புறம் என்ன வேணா போடுங்கன்னேன். கார்ப்பெட்டுக்குக் கீழ ரப்பர் ஷீட்டு, அதுக்குக் கீழ ஹார்ட்போர்டு, சுத்தி ஆணி. அவரும் நானும் அவரு பொண்ணுமா ஒவ்வொரு ஆணியா மரக்கட்டை முட்டுக்குடுத்து நெம்பி எடுத்தோம், நேரா டைல் மேல நெம்புனா உடைஞ்சுரும். முதல் பலகையத் தூக்குனப்ப வெறும் சாம்பல் கலர் தூசி. பொண்ணு ஒரு ஈரத்துணிய எடுத்து ஒரே இழுப்பு இழுத்துச்சு.

காவி, கறுப்பு, சந்தனக் கலர், நடுநடுவுல சின்ன நீல முக்கோணம், வாசல்ல இருந்து மாடிப்படி வரைக்கும் ஒரு கோலம். படிக்கட்டுக்கு முன்னாடி வட்டத்துக்குள்ள பூ வச்ச என்காஸ்டிக் டைல் நாலு, ஒண்ணு மட்டும் குறுக்க விரிஞ்சிருக்கு.

அண்ணா கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம், "பதினாறு வருசமா இதுக்கு மேலதான் நடந்து திரிஞ்சிருக்கிறம், பிள்ளை"ன்னாரு.

ஆணி இறங்குன இடத்துல ஓரமா ஒன்பது டைல் உடைஞ்சிருக்கு, சந்தனக் கலர் ஆறு, கறுப்பு மூணு. அளவெடுத்து வச்சிருக்கேன், அடுத்த செவ்வாக்கிழமை கெம்ப்டன்ல தேடணும், யார்கிட்டயாவது ரெண்டு இன்ச் சதுரத்துல பழைய சந்தனக் கலர் தரை டைல், ஏற்கனவே பேத்து வச்சது இருந்தா சொல்லுங்க. பின்பக்கத்து போட்டோவும் அனுப்புங்க.